ஸ்கீயின் உள்மரம்: பெயரை நம்பி ஒரு ஜோடி, எடைபோட்டு ஒரு ஜோடி

நானே செய்த முதல் ஜோடி ஸ்கீயை (பனிச்சறுக்குக் கட்டையை) ஆறு நாள் ஓட்டிய பிறகு, ஏழாம் நாள் காலையில் இடது ஸ்கீயின் முன்பக்கப் பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடிப்பான், பூட்ஸோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. நல்லவேளையாக அப்போது நான் சரிவில் இறங்கியிருக்கவில்லை. சமதளத்தில் நின்று பூட்ஸை மாட்டி, காலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழன்ற திருகுகளை எடுத்துப் பார்த்தபோது அவற்றின் புரிகளுக்கிடையே வெளிறிய, பஞ்சு போன்ற மரநார் அடைந்திருந்தது. நகத்தால் கீறியதும் அது தூளாக உதிர்ந்தது. புரிகள் மழுங்கவில்லை. ஸ்கீயின் மேற்பரப்பில் இருந்த ஃபைபர்கிளாஸ் மட்டும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிறு கூடாரம்போல மேலெழும்பி வெளுத்திருந்தது. பிடித்து நிற்க வேண்டிய மரம் நாராகக் கிழிந்து கைவிட்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நான் விரும்பித் தேர்ந்த பவுலோனியா மரம் அது.

ஸ்கீயின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் பாலிஎத்திலீன் தளம், அதன் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு, அதன்மேல் எபாக்சி என்னும் ஒட்டுப்பிசினில் நனைத்த ஃபைபர்கிளாஸ், நடுவில் மரம், மீண்டும் ஃபைபர்கிளாஸ், கடைசியாக மேலுறை என்று அடுக்கி அழுத்தி எடுப்பதுதான் ஸ்கீ. நடுவில் இருக்கும் அந்த உள்மரம் இரு முனைகளிலும் 2 மி.மீ. அளவுக்கு மெலிந்து, கால் நிற்கும் இடத்தில் 10 முதல் 12 மி.மீ. வரை தடித்திருக்கும். மேலும் கீழும் உள்ள இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளையும் விலக்கி நிறுத்துவது, வளையும்போது அவை ஒன்றையொன்று வழுக்கிச் செல்லாமல் பிடித்து வைப்பது, மேலிருந்து வரும் அழுத்தத்தில் நசுங்காமல் இருப்பது, பைண்டிங்கின் திருகுகளைப் பற்றிக்கொள்வது ஆகிய நான்கு வேலைகள் அதற்கு உண்டு. முதல் ஜோடியைத் திட்டமிட்டபோது நான் முதல் வேலையை மட்டுமே நினைத்தேன்; மற்ற மூன்றும் தாமாக நடந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது என் கணக்கு இப்படி இருந்தது. 180 செ.மீ. நீளம், சராசரியாக 100 மி.மீ. அகலம், சராசரியாக 7 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்கீயின் உள்மரம் 1,260 கன செ.மீ. வரும். பவுலோனியாவின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.28 கிராம், பாப்லருக்கு 0.45, ஆஷ் மரத்துக்கு 0.67, கடின மேப்பிளுக்கு 0.70. எனவே அதே உள்மரம் பவுலோனியாவில் 350 கிராமும், பாப்லரில் 570 கிராமும், ஆஷில் 850 கிராமும் இருக்கும். பாப்லரைவிட ஒரு காலுக்கு 220 கிராம் மிச்சம் என்று காகிதத்தில் பார்த்தபோது வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. முழுவதும் பவுலோனியாவிலேயே செய்தேன். இழைத்து முடித்த உள்மரம் 365 கிராம் இருந்தது; அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள்.

திருகு பெயர்ந்ததற்கு முன்பே இன்னொரு குறை தெரிந்திருந்தது. ஸ்கீ தொய்வாக இருந்தது. வேகமாகத் திரும்பும்போது காலுக்கடியில் அளவுக்கு மீறி வளைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வரைபடத்தை வைத்து, அதே ஃபைபர்கிளாஸைக் கொண்டு, பாப்லரில் நண்பர் ஒருவர் செய்திருந்த ஸ்கீயை வாங்கி வந்தேன். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகளை வைத்து, நடுவில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அளவுகோலால் இறக்கத்தை அளந்தேன். அவருடையது 22 மி.மீ. இறங்கியது, என்னுடையது 31 மி.மீ. இறங்கியது. காரணத்தை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாப்லரின் மீட்சிக் குணகம் (மரத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 10.9 கிகா பாஸ்கல். பவுலோனியாவின் குணகம் 4.4 தான். முனைகளில் மரம் மெலிந்திருப்பதால் அங்கே விறைப்பில் பெரும்பகுதி ஃபைபர்கிளாஸிலிருந்து வருகிறது, எந்த மரம் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 11 மி.மீ. தடிமன் உள்ள நடுப்பகுதியில் மரத்தின் பங்கும் ஃபைபர்கிளாஸின் பங்கும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கின்றன. பாப்லருக்காக வரைந்த தடிமனை அப்படியே பவுலோனியாவுக்குப் போட்டதுதான் என் பிழை. இரவல் வாங்கிய சட்டையை உடம்பு பார்க்காமல் மாட்டிக்கொண்ட கதை.

தடிமனைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டபோதுதான் இலகு மரத்தின் உண்மையான பயன் புலப்பட்டது. ஃபைபர்கிளாஸ் அடுக்குகள் தரும் விறைப்பு அவற்றின் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தும், மரம் தானே தரும் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தும் வளர்கிறது. தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் முன்னது ஐந்தில் ஒரு பங்கும் பின்னது மூன்றில் ஒரு பங்கும் கூடிவிடுகின்றன. எடையோ பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. பவுலோனியாவை 11 மி.மீ.க்குப் பதிலாக 13 மி.மீ. வைத்திருந்தால் நண்பரின் பாப்லர் ஸ்கீயின் விறைப்பு கிட்டத்தட்ட வந்திருக்கும். அப்போதும் 150 கிராம் மிச்சமாகியிருக்கும். ஆகவே தடிமனைக் கூட்ட இடம் இருந்தால் பவுலோனியாவுக்கு ஈடு இல்லை. தடிமன் முன்பே முடிவாகிவிட்டால், எடைக்குத் தகுந்த விறைப்பைத் தருவதில் பாப்லரும் ஸ்ப்ரூஸும் அதை எளிதாக முந்திவிடுகின்றன.

ஸ்ப்ரூஸைப் பற்றி நான் சற்று நேரம் தீவிரமாகவே யோசித்தேன். சிட்கா ஸ்ப்ரூஸின் அடர்த்தி பாப்லரைவிடச் சிறிது குறைவு, விறைப்பு அதற்குச் சமம். ஆனால் எனக்குக் கிடைத்த பலகைகளில் முடிச்சில்லாத இரண்டு மீட்டர் நீளம் ஒன்றுகூட இல்லை. முடிச்சு உள்ள மரத்தை 2 மி.மீ.க்கு இழைத்தால் அந்த இடத்தில் துளைதான் மிஞ்சும். மூங்கில் துள்ளலுக்குப் பெயர்பெற்றது, ஆனால் எடையில் ஆஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பால்சாவை ஒரு துண்டு வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தியதோடு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். இலகுவை நாடி நசுங்கிப் போவது புதிய அனுபவமும் அல்ல: உலோக ஸ்கீயைக் கொண்டுவந்த விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட், 1940-களின் பிற்பகுதியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டு அமைப்பை வைத்துத்தான் தொடங்கினார், அவை ஒடிந்துகொண்டே இருந்தன. கடைசியில் நடுவில் பிளைவுட்டை வைத்த பிறகே அவருடைய ஸ்கீ 1950 வாக்கில் நிலைத்தது.

இரண்டாவது ஜோடிக்கு முன்பு திருகுப் பிடிப்பைச் சோதித்தேன். கருவி எதுவும் இல்லாததால் ஒரு நீண்ட இரும்புக் குழாயை நெம்புகோலாக்கி, பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் தாங்கியை வைத்து, குறுகிய முனையைத் திருகின் தலையிலும் நீண்ட முனையை ஒரு வாளியிலும் கட்டினேன். குழாயின் எடையையும் வெற்று வாளியின் எடையையும் எதிர்ப்பாரம் கட்டிச் சமன்செய்துவிட்டதால், வாளியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் திருகை 10 கிலோ விசையால் இழுக்கும். மரக்கட்டையில் 3.6 மி.மீ. பிட்டால் 9 மி.மீ. ஆழம் துளையிட்டு, பைண்டிங்குக்குப் பயன்படும் அதே 5.5 மி.மீ. திருகை முடுக்கினேன். ஃபைபர்கிளாஸ் எதையும் ஒட்டவில்லை. மரத்தின் பிடிப்பை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பவுலோனியாவில் 3.8 லிட்டரில், அதாவது 38 கிலோவில், எந்தச் சத்தமும் இல்லாமல் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்துவிட்டது. பாப்லர் 88 கிலோ வரை தாங்கி, ஒரு சிறு முனகலுக்குப் பிறகு விட்டது. ஆஷில் 15 லிட்டர் வாளி நிரம்பி வழிந்தும் திருகு அசையவில்லை. குழாய்தான் வளையத் தொடங்கியது, நான் நிறுத்திக்கொண்டேன். மரத்தில் திருகின் பிடிப்பு அடர்த்தியின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்பது தெரிந்த விதி. என் வாளி அளவைகள் அதற்கு வியக்கத்தக்க நெருக்கத்தில் வந்தன. அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தால் பிடிப்பு கால்பங்காகிவிடும் என்பதை நான் முதல் ஜோடிக்கு முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது உள்மரத்தை இப்படி வகுத்தேன்: பவுலோனியாவை அடிப்படையாக வைத்து, திருகுகள் விழும் இரு கோடுகளிலும் 10 மி.மீ. அகலத்தில் ஓர் ஆஷ் ரீப்பரை முழு நீளத்துக்கும் ஓடவிடுவது. எனது பைண்டிங்கில் முன்துளைகளின் இடைவெளியும் பின்துளைகளின் இடைவெளியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம். ரீப்பரை இரண்டுக்கும் நடுவில் வைத்தபோது திருகின் உடல் முழுவதும் ஆஷுக்குள் விழுந்து, ஓரத்தில் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக மிஞ்சியது. தப்பிப்பதற்கு அது போதும், அலட்சியத்துக்குப் போதாது. ஆஷ் ஐந்தில் ஒரு பங்கு இருப்பதால் விறைப்பும் கூடியது; நடுத் தடிமன் 12.5 மி.மீ. இருந்தால் போதும் என்று கணக்கு சொன்னது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. பவுலோனியாவில் ஒன்பது பலகைகள் வாங்கியிருந்தேன். ஒவ்வொன்றின் நீள அகலத் தடிமனை வெர்னியர் காலிப்பரால் அளந்து, சமையலறைத் தராசில் எடைபோட்டு, அடர்த்தியைப் பென்சிலால் அதன் நெற்றியிலேயே எழுதினேன். ஒரே மரம், ஒரே அடுக்கு, எண்களோ 0.25-இலிருந்து 0.32 வரை பரவியிருந்தன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆண்டு வளையங்கள் எவ்வளவு அகலமாக இருக்கின்றன என்பதைப் பார்த்துக் கனத்தைக் கணிக்க முயன்று இரண்டு முறை தோற்றேன். என் உள்மரத்தில் பவுலோனியா மட்டும் ஏறக்குறைய 1,145 கன செ.மீ. வருகிறது; மிக இலகுவான பலகைக்கும் மிகக் கனமான பலகைக்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவில் 80 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்த்த பிறகு நார் ஓட்டம் பார்த்தேன். பலகையின் பக்கவாட்டில் தெரியும் ரேகை பல நேரங்களில் வளையத்தின் ரேகையே தவிர நாரின் திசை அல்ல. இரண்டும் ஒன்றென்று நம்பினால் மோசம் போவோம். ஊற்றுப்பேனா மையில் ஒரு சொட்டு விட்டால் அது நார் வழியே ஊர்ந்து தன் பாதையைத் தானே காட்டிவிடும். ஒரு பலகையில் அந்த நீலக் கோடு ஓரத்துக்கு இணையாக ஒரு கையளவு நேராக ஓடியது. இன்னொன்றில் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மேல்நோக்கி ஏறியது, 2 மி.மீ. தடிமன் உள்ள முனையில் அப்படிப்பட்ட நார் 20 மி.மீ. தூரத்துக்குள் வெளியேறிவிடும், பிறகு அங்கே மரத்தைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இருக்காது. ஒன்பதில் மிக இலகுவான பலகை அதுதான். மனமில்லாமல் ஒதுக்கி வைத்தேன்.

ஈரப்பதத்தை அளக்கும் கருவியின் முட்கள் இவ்வளவு மென்மையான மரத்தில் சொல்லும் எண்ணை நான் நம்பவில்லை. ஒரு துண்டை வெட்டி எடைபோட்டேன்: 42.6 கிராம். அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து எடுத்தபோது 38.1 கிராம். காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 12 சதவீதத்துக்கு அருகில் இருந்தது. சுற்றுப்புற ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் அறையில் மரம் இயல்பாக வந்து நிற்கும் அளவு அது. 40 சதவீதமாக இருந்தால் ஏறக்குறைய 8-இல் வந்து நிற்கும். எபாக்சியைச் சூடேற்றி அழுத்தும்போது மரத்தின் ஈரம் ஆவியாகி ஒட்டுக்குள் குமிழிகளாகத் தங்கும், பிறகு காய்ந்து சுருங்கும் உள்மரம் ஸ்கீயையும் சேர்த்து முறுக்கும். எனவே பலகைகளை இடைக்கட்டைகள் வைத்து அடுக்கி, உலர்ந்த அறையில் ஐந்து வாரம் போட்டு வைத்தேன். ஒரே ஒரு பலகையை வாரந்தோறும் எடைபோட்டு, எடை குறைவது நின்றபோது வேலையைத் தொடங்கினேன்.

பலகைகளை ரீப்பர்களாக அறுத்து, செங்குத்தாக நிறுத்தி, தண்ணீருக்குத் தாங்கும் மரப்பசையால் ஒட்டினேன். பக்கத்துப் பக்கத்து ரீப்பர்களின் வளையங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்குமாறு திருப்பி வைத்தால் ஒன்று முறுக்க முயலும்போது மற்றொன்று தடுக்கும். 1930-களில் நார்வேயிலிருந்து வந்த, மரப்பட்டிகளை ஒட்டிச் செய்த ‘ஸ்பிளிட்கெய்ன்’ ஸ்கீக்கள், ஹிக்கரி என்னும் கடின மரத்தின் ஒற்றைப் பலகையின் காலத்தை முடித்துவைத்தபோதே இந்தப் பாடம் உறுதியாகிவிட்டது. இடது வலது இரண்டுக்கும் ஒரே ரீப்பரை இரண்டாகப் பிளந்து எதிரொளியாக வைத்ததால் இரண்டு உள்மரங்களும் எடையில் 6 கிராம் வித்தியாசத்துக்குள் அமைந்தன. கிளாம்பின் தாடை பவுலோனியாவில் நேரடியாகப் பட்டால் தழும்பு விழும். நடுவே கடினமான பட்டிகளை வைக்க வேண்டும். முதல் ஜோடியில் நான் வைக்கவில்லை, அந்தத் தழும்புகளை மேலுறையின்மீது சாய்வொளியில் இன்றும் எண்ணலாம்.

தடிமன் இழைப்பு இயந்திரத்தில் 2 மி.மீ. முனையை விடும் துணிவு எனக்கு இல்லை. முதல் ஜோடிக்கு முயன்றபோது கடைசி இரண்டு விரற்கிடை தூரத்தில் முனை மேலெழும்பி, உள்ளே இழுக்கப்பட்டுச் சீவலாக வெளியே வந்தது. இம்முறை உள்மரத்தைத் தட்டையான தளத்தில் இருபக்க நாடாவால் ஒட்டி, விரும்பிய வளைவில் அறுத்த இரு தண்டவாளங்கள்மீது ரூட்டரை (சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் கருவியை) ஓட்டினேன். மென்மையான மரத்தையும் கடினமான மரத்தையும் ஒன்றாகச் சீவும்போது ஒரு சிக்கல் உண்டு: மணல்தாள் பவுலோனியாவை வேகமாகத் தின்றுவிடும், ஆஷ் இரு வரப்புகளாக மேலே நிற்கும். நீளமான கட்டையில் மணல்தாளைச் சுற்றி, இரண்டு ரீப்பர்களிலும் ஒரே நேரத்தில் படுமாறு தேய்த்ததில் அது சரியானது. பவுலோனியாவின் திறந்த துவாரங்கள் எபாக்சியைக் குடித்து எடையைக் கூட்டும் என்பதால், முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, பிளாஸ்டிக் தகட்டால் உபரியை வழித்தெடுத்து, காய்ந்த பிறகு லேசாகத் தேய்த்தேன்.

தயாரான உள்மரம் 482 கிராம் நின்றது. அதே விறைப்பைத் தரும் பாப்லர் உள்மரம் 570 கிராம் இருந்திருக்கும். அந்த மிச்சத்தைப் பிரித்துப் பார்த்தேன். பட்டியலில் உள்ள சராசரி அடர்த்தியில் பவுலோனியாவும் ஆஷும் வாங்கிச் செய்திருந்தால் 514 கிராம் வந்திருக்கும். அதாவது பாப்லரை விட்டு வேறு மரத்துக்கு மாறியதால் கிடைத்தது 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பலகைகளைப் பொறுக்கி எடுத்ததால் கிடைத்தது 30 கிராமுக்குச் சற்று அதிகம். கண்ணை மூடிக்கொண்டு அதே அடுக்கிலிருந்து கனமான பலகைகளை எடுத்திருந்தால், மரம் மாற்றியதன் பலனில் பெரும்பகுதி போயிருக்கும். மேலே நினைவில் வைக்கச் சொன்ன 80 கிராம் அந்த 60-ஐவிடப் பெரியது. வளைவுச் சோதனையில் புதிய ஸ்கீ 22 மி.மீ. இறங்கியது, பாப்லர் ஸ்கீயின் அதே எண். திருகுகளை ஒரு பருவம் முடிந்ததும் கழற்றிப் பார்த்தேன். புரிகளில் நார் இல்லை, துளையின் ஓரம் கூர்மையாகவே இருந்தது.

இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. 155 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம், சராசரி 5.5 மி.மீ. தடிமன் என்றால் உள்மரம் 2,300 கன செ.மீ.; பாப்லருக்கும் பவுலோனியாவுக்கும் உள்ள இடைவெளி 400 கிராமாக விரிகிறது. திருகு நேரடியாக மரத்தைப் பற்றுவதும் இல்லை. அடிப்பக்கம் வட்டத் தட்டுள்ள 6 மி.மீ. மரையுள்ள எஃகுச் செருகிகள் கீழிருந்து பதிக்கப்படுகின்றன. பைண்டிங்கை முடுக்கும்போது அந்தத் தட்டு மரத்தை மேல்நோக்கி நசுக்குகிறது. இங்கே கேள்வி பிடிப்பைப் பற்றியதாக இல்லாமல் நசுக்கத்தைப் பற்றியதாகிவிடுகிறது. அதற்கு ஆஷ் தேவையில்லை. பாப்லர் போதும் என்று ஒரு துண்டில் செருகியைப் பதித்து முழு வலுவோடு முடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. வெறும் பவுலோனியாவில் அதே முடுக்கத்துக்குத் தட்டு ஒரு மி.மீ. உள்ளே ஏறி, மேலே வளையம்போல் ஒரு வீக்கத்தைக் கிளப்பியது. ஆகவே செருகிகள் வரும் இரண்டு பட்டைகளில் பாப்லர், எஃகு விளிம்பை ஒட்டி அடிதாங்க ஒரு மெல்லிய ஆஷ் ரீப்பர், எஞ்சிய இடமெல்லாம் பவுலோனியா என்று வகுத்திருக்கிறேன்.

அதற்கான பலகைகள் இப்போது காய்ந்துகொண்டிருக்கின்றன. பதினான்கு பலகைகளின் நெற்றியிலும் எண்கள் எழுதியாகிவிட்டது, 0.24 என்று எழுதிய ஒன்றின்மீது இன்னும் மை விடவில்லை.